நாப்பத்து மூணாவது

இல்லக்கா, அந்த பட்டன அமுக்காதீங்க, அமுக்கி ஒண்ணும் ஆகப் போறதில்ல. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கறோம். கதவையும் இழுக்காதீங்க. விழாது, கயிறெல்லாம் கெட்டியா இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா, இந்த லிஃப்ட ஓட்டற சாஃப்ட்வேர் எங்க கம்பெனியோடது. காலையிலதான் புதுச ஏத்தினோம். சரியா ஓடுதான்னு பாக்கத்தான் மேலயும் கீழயும் போயிட்டிருந்தேன். நீங்க நிறுத்துங்க நிறுத்துங்கன்னு ஓடி வந்தப்ப, கால வச்சு கதவ நிறுத்துன புண்ணியவான் நான்தான்.

பதினொரு மணிக்கா ஆபரேஷன், ஏழாவது மாடியில? இப்ப பத்து முப்பத்தஞ்சு. கையில என்ன, காது மெஷினா? அது இல்லாம உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே கேக்காதா? உள்ள எல்லாரும் வாய மூடிக் கட்டியிருப்பாங்க, உதட்டப் பாத்துக்கூடப் புரிஞ்சுக்க முடியாது. அதுக்குத்தான் வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்துட்டு வந்தீங்களா.

உக்காருங்கக்கா, இப்ப லைட் அணையும், சாஃப்ட்வேர நிறுத்தித் திரும்பப் போடறப்பல்லாம் அப்படித்தான். பயப்படாதீங்க, கீழ எங்க டீம் பொண்ணு ஒருத்தி சரி பண்ணிட்டிருக்கா. இதோ வந்துடுச்சு பாருங்க. லிஃப்ட் நகரல. மொத ரவுண்டுதானே.

மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு, வர முக்கா மணி நேரம் ஆகும். அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுடுவா. இந்த தடவ ஏத்துனதுல நாப்பத்திரண்டு மாத்தம். அதுல எது இத நிறுத்திச்சுன்னு தெரியல. அதனால பாதிய எடுத்துட்டுப் பாப்பா, அப்புறம் மிச்சத்துல பாதி. ஆறு தடவ. தடவைக்கு நாலு நிமிஷம். பத்து அம்பத்தொம்பதுக்கு நீங்க ஏழாவது மாடியில இருப்பீங்க. கணக்கு அப்படித்தான் சொல்லுது.

பழசையே திருப்பிப் போட்டா என்னவா? நல்லாத்தான் கேக்கறீங்க. காலையில இதோட சேத்து கதவு மோட்டாரையே மாத்திட்டாங்கக்கா. பழசுக்கு இந்த மோட்டார ஓட்டத் தெரியாது.

அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சுக்கிட்டா. சார், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டா அனுப்பிடலாம் சார்னு. ஒண்ணு மட்டும் போச்சுன்னா, லிஃப்ட் நின்னா எதனாலன்னு அந்த நிமிஷமே தெரியும், அத மட்டும் புடுங்கிப் போட்டா ஓடிரும்னு. நாங்க அவளுக்கு தொணதொணப்புன்னே பட்டப்பேரு வச்சோம். ஆஸ்பத்திரி லிஃப்ட வாரா வாரம் நோண்டுவாங்களா, எல்லாத்தையும் சேத்து வச்சு நாலு மாசத்துக்கு ஒருதரம் பண்றதுதான் பத்திரம்னு ஒரு பெரிய மனுஷன் சொல்லிட்டான்.

மறுபடியும் அணையுது. கையப் பிடிச்சுக்கோங்க. ம். வந்துடுச்சு. ஒண்ணும் அசையல.

இங்க கூட்டித் தொடைக்கற அம்மா ஒருத்தங்க, போன தடவ ஏத்தின மொத வாரமே சொன்னாங்க, ஸ்ட்ரெச்சர் பாதி உள்ள வர்றதுக்குள்ள கதவு மூடிடுதுன்னு. ரெண்டு வரி வேலக்கா. அன்னைக்கே அந்தப் பொண்ணு எழுதி முடிச்சுட்டா. நாலு மாசம் சும்மா கெடந்துச்சு அது. அந்தம்மா தெனமும் வெளக்கமாத்த குறுக்க வச்சு கதவ நிறுத்திட்டிருந்தாங்க. நான் என் கண்ணால பாத்துட்டு, லிஸ்ட்ல இருக்கும்மா, வந்துரும்னு சொல்லிட்டுப் போனேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அந்தப் பெரிய மனுஷனா? நான்தான்.

இல்ல, அதோட முடியல. மணி என்ன ஆச்சு? பத்து நாப்பத்தேழா? அழாதீங்கக்கா. நீங்க அழுதா எனக்குப் பேச வராது.

நாலு மாசத்துக்கு ஒருதரம்னா என்ன ஆகும் தெரியுமா, கடைசி பஸ் மாதிரி ஆயிடும். இத விட்டா நாலு மாசம்னு எல்லாரும் முண்டியடிச்சு ஏறுவாங்க. லிஸ்ட் மூடுனதுக்கப்புறம் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவனும் நான்தான். நேத்து சாயங்காலம் எங்க முதலாளி வந்து, லிஃப்ட் கெளம்ப ரொம்ப யோசிக்குது, பிரேக்க அரை செகண்ட் முன்னாடி விடச் சொல்லுன்னாரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நாப்பத்திரண்டுக்குள்ள இது ஒண்ணு யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சு, லிஸ்ட்ல எழுதாம நானே போட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு போயிருந்தா ஒளிய எடம் இருந்திருக்காதுல்ல. சோதிச்சும் பாக்கல. நின்ன ஒடனே அதுதான்னு தோணுச்சு. வேற ஏதாவதா இருக்கும், அவ கண்டுபிடிச்சுடுவான்னு வேண்டிக்கிட்டே உங்ககிட்ட கதை அளந்துட்டிருக்கேன். அவ ஆறு தடவ இல்ல, அறுபது தடவ தேடினாலும் கெடைக்காதுக்கா. அவ லிஸ்ட்லயே அது இல்ல.

கொஞ்சம் நகருங்க, அந்த இன்டர்காம எடுக்கணும்.

ஹலோ, நான்தாம்மா. பாதி பாதியா எடுக்கறத நிறுத்து. உன் லிஸ்ட்ல இல்லாதது ஒண்ணு இருக்கு. நாப்பத்து மூணாவது, பிரேக்குல. ஆமா, லிஸ்ட் மூடினதுக்கப்புறம்தான். இல்ல, வேற யாரும் இல்ல, நான் போட்டது. எம்பேரப் போட்டே எழுதிக்கோ, என்ன ஆனாலும் ஆகட்டும். மொத அத எடு.

இப்ப லைட் அணையும், எந்திரிச்சு நில்லுங்கக்கா. மெஷின டப்பாவுலேர்ந்து எடுத்து கையில வச்சுக்கோங்க, அங்க போய் தொறக்க நேரம் இருக்காது. கதவு தொறந்ததும் என்னத் திட்ட நிக்காதீங்க. நேரா அவர்கிட்ட ஓடுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்.