‘அவரைக் குனியச் சொல்லுங்க’

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அந்தத் தலைமையைத் தாங்க முடியாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! தண்ணீர் வராத நாளிலும் தவறாமல் சுற்றறிக்கை வரவழைக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து, அதன் நினைவாகவே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கூட்டம் எப்போது முடியும் என்ற ஒரே இலட்சியத்தோடு கதவோரம் நிற்கும் இளைஞர் பெருமக்களே! அனைவருக்கும் என் அன்பு கலந்த, அடக்கம் கலந்த மாலை வணக்கம்.

“ஒருத்தரை விட்டுட்டீங்க” என்று அங்கே யாரோ சொல்கிறீர்கள். தெரியும் ஐயா. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். பொறுத்திருங்கள்.

இன்றைய தீர்மானம் என்ன? தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையில் இருக்கும் நாலு கம்ப்யூட்டர்களை அகற்றிவிட்டு, உடைந்த நாற்காலிகளை அங்கே அடுக்க வேண்டும் என்பது. செயலாளர் என்னைக் கேட்டார்: “இந்த வயசுல டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டிருக்கீங்களே, அதுல அப்படி என்னதான் இருக்கு?” நல்ல கேள்வி. நாகரிகமான கேள்வி. நாலு பேர் நடுவில் கேட்டதால் நாலு பேர் நடுவிலேயே பதில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு தீவு. அதில் நூறு பேர். நாலு நாலு பேராக அணி. கடைசிவரை நிற்கும் அணிக்கு வெற்றி. அடிபட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடாது. தோழன் ஒருவன் பக்கத்தில் மண்டியிட்டுப் பத்து விநாடி பிடித்துத் தூக்கினால் எழுந்துவிடலாம். அந்தப் பத்து விநாடியும் தூக்குகிறவனால் சுட முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் அணியைப் பாருங்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊருக்கெல்லாம் பார்வை பார்ப்பவன். எதிரி எதிரே நின்றாலும் எனக்குத் தெரியாது. அடுத்தவர் பள்ளி வேன் ஓட்டுநர். விளையாட்டில் ஜீப் கிடைத்தால் எல்லாரும் ஏறிவிட்டோமா என்று எண்ணிப் பார்த்து, ஹாரன் அடித்துவிட்டுத்தான் எடுப்பார். ஹாரன் கேட்டுத் தீவு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மூன்றாமவர் பல் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா. சுடுவதற்கு முன் “அசையாதீங்க, லேசா வலிக்கும்” என்று சொல்வார். எதிரிக்குக் கேட்காது என்று சொல்லிப் பார்த்தோம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது தன் கடமை என்கிறார்.

சிரிக்காதீர்கள். நாலாமவர் இன்னும் வரவில்லை.

நாலாமவர் என் மைத்துனர். என் மனைவியின் ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். இதே குடியிருப்பில் பின்கட்டடத்தில் இருப்பவர். எனக்கும் அவருக்கும் நான்கு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன்? என் மகள் கல்யாணத்தில் நன்றியுரை நான்தான். மைக் கிடைத்தால் விடுவேனா? பந்தல் போட்டவருக்கு நன்றி, பாட்டு வைத்தவருக்கு நன்றி, ஓடாத மின்விசிறியை ஓட வைத்தவருக்கும் நன்றி. இரண்டு நாள் தூங்காமல், கொட்டும் மழையில் வாசலில் நின்று ஒவ்வொரு காருக்கும் இடம் காட்டிய மைத்துனருக்கு? மறந்துவிட்டேன். ஈரச் சட்டையோடு கடைசி வரிசையில் நின்று முழுவதும் கேட்டார். சாப்பிடாமல் போய்விட்டார்.

தவறு என்னுடையது. மறுநாளாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வறட்டுக் கௌரவம். அதன் பிறகு என் மனைவி சமையலறை ஜன்னலில் நின்று, தம்பி வீட்டுக் கொடியில் காயும் சட்டையைப் பார்த்துத்தான் அவர் ஊரில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்வாள். நான் பார்த்தும் பாராதவன்போல இருந்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஆள் குறைந்தது. லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு இறங்கியவரை, விவரம் அறியாத நர்ஸ் அம்மா கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டார். மைத்துனர் என்னைப் பார்த்தார். எழுந்து போனால் தோற்றவன் ஆவேன் என்று அவரும் எழவில்லை, நானும் எழவில்லை. இப்படியாகத்தானே எங்கள் அணி உருவாயிற்று!

ஆனால் பேச்சில்லையே! என்ன செய்வது? நம் குடும்பங்களில் என்ன செய்வோமோ அதையே செய்தோம். நடுவில் வேன் ஓட்டுநர். மைத்துனர் சொல்வார்: “அண்ணே, அவர் பின்னாடி ஆள் நிக்கிறான், அவரைக் குனியச் சொல்லுங்க.” ஓட்டுநர் என் பக்கம் திரும்பி, “உங்க பின்னாடி ஆள் நிக்கிறானாம், குனியச் சொல்றார்” என்பார். அதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். “சொன்னதுக்கு நன்றின்னு சொல்லிடுங்க” என்பேன். எட்டு வாரம், ஐயா! எட்டு வாரமும் இப்படியேதான் செத்தோம்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை. வரலாறு காணாத வகையில் கடைசி இரண்டு அணிகளில் ஒன்று நாங்கள். நர்ஸ் அம்மா ஆட்டமிழந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வேன் யாருடைய வண்டியையோ மறித்து நிற்கிறது என்று வாட்ச்மேன் கூப்பிட, ஓட்டுநரும் எழுந்து ஓடிவிட்டார். தீவில் நான் ஒரு வீட்டு ஜன்னலில் நெட்டுக்குத்தாக நிற்கிறேன். மைத்துனர், தொழில் பழக்கம், மொட்டை மாடியில் இருக்கிறார். என் பின்னால் எதிரி வருவதைப் பார்த்துவிட்டார். சொல்ல நடுவில் ஆளில்லை. இரண்டும் காலி நாற்காலி.

“மாமா! குனிங்க!”

நான்கு வருடம் கழித்து மாமா என்கிறார். நான் என்ன செய்தேன்? குனிந்தேன். விளையாட்டில் அல்ல, ஐயா. அறையில்! நாற்காலியோடு சேர்ந்து மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். திரையில் என் பொம்மை நிமிர்ந்து நின்றபடியே குண்டு வாங்கி விழுந்தது.

மாடியிலேயே பதுங்கி எதிரிகளைச் சுட்டிருந்தால் வெற்றி கிடைத்திருக்கும். என்னை விட்டுவிட்டாலே போதும். ஆனால் குதித்தார். ஓடி வந்தார். என் பக்கத்தில் மண்டியிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டாவது விநாடியில் இருவரையும் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள்.

“ஏன் மாமா நிஜத்துல குனிஞ்சீங்க?”

“நீ சொன்னே, குனிஞ்சேன் மச்சான்.”

அன்று மாலை என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் இரண்டு பேர். கதவைத் திறந்த என் மனைவி தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “யார் ஜெயிச்சா?” என்று கேட்டாள். “தோத்துட்டோம் அக்கா” என்றார். “தினமும் தோத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே செயலாளர் அவர்களே! சுடுவதிலா சுகம்? யாரை வேண்டுமானாலும் தனியாக உட்கார்ந்து சுடலாம். விழுந்தவனைத் தூக்கத் தனியாளால் முடியுமா? தோற்றபின் யாரால் தோற்றோம் என்று ஒரு வாரம் சண்டை போடத் தனியாளால் முடியுமா? உடைந்த நாற்காலிகளுக்கு இடம் வேண்டும் என்கிறீர்கள். உடைந்துபோன இரண்டு ஆட்களுக்கு அங்கேதானே ஐயா இடம் கிடைத்தது! நாற்காலிகளை என் கடைக்கு அனுப்புங்கள். நான் வைத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார் தலைவர். முடிக்கிறேன். பொறுமை காத்த தலைவருக்கு நன்றி. கேள்வி கேட்ட செயலாளருக்கு நன்றி. ஹாரன் அடித்தவருக்கும், வலிக்கும் என்று சொல்லிச் சுட்டவருக்கும் நன்றி. நான் விட்டது யாரை என்று கேட்டீர்களே, அவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். என் மகள் கல்யாணத்தில் மழையில் நின்று கார்களுக்கு இடம் காட்டிய என் மைத்துனருக்கு நன்றி. நான்கு வருடம் தாமதமாகச் சொல்கிறேன். நடுவில் ஆள் வைக்காமல் நானே சொல்கிறேன்.

அதோ, எழுந்து நின்று கை காட்டுகிறார். என்ன மச்சான்? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்.

“போதும் மாமா, குனிங்க” என்கிறார்.

குனிகிறேன். வணக்கம்.