ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

எண்பதுகளில் ஒரு மாலை, ஆக்லாந்து பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். மூத்தவர் மடியில் விக்டோரியா ராணி காலத்து நாவல் ஒன்று, லைப்ரரியில் எடுத்தது.

“இதில வாற குடும்பங்களைப் பார்த்தால் ஆசையாக் கிடக்கு. ஆனா எழுதினவர் தன்ர மனுசியை வேற வீட்டுக்கு அனுப்பிப்போட்டார்.”

“என்ர மனுசனும் பென்ரோஸில தனிய அறை எடுத்திட்டார்தானே அக்கா. ஞாயிற்றுக்கிழமையில மட்டும் வருவார், ஊரில இருக்கிற அவற்ர அம்மாவுக்கு நான் எழுதுற கடிதத்தில கையெழுத்து வைக்க.”

“என்னெண்டு எழுதுவீர்?”

“எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுறம் எண்டு.”

“அவர் அதை வாசிக்கிறவரோ?”

“ஓம். போன கிழமை ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு, சாப்பாடு ஏதும் இருக்கோ எண்டு கேட்டார்.”