ஆளில்லாத மனைக்கு ஒரு பாலம்

அரியலூருக்குத்தாங்க்கா. கலெக்டர் ஆபீஸுக்கு. மனு குடுக்க இல்ல, அதெல்லாம் எப்பவோ குடுத்தாச்சு. இன்னைக்கு விசாரணை, என்னையத்தான் கூப்புட்டிருக்காங்க. ஐயோ, தப்புத்தண்டா ஒண்ணும் இல்லைங்க்கா, அப்புடிப் பாக்காதீங்க! நான் வார்டு மெம்பரு. பேரு வெற்றிச்செல்வி. ஊரு தா.பழூர்லேருந்து உள்ள போவணும்.

பயமா? ஆமா, காலையிலேருந்தே இருக்கு. ஒரு வாய் சோறு எறங்கல. பேசிக்கிட்டே வந்தா கொஞ்சம் தேவலாம் போல இருக்கு. ஒங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கிறேன்.

ஒரு பாலந்தாங்க்கா விசயம். எங்க காலனிக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவால வாய்க்கா ஓடுது. மழ காலத்துல இடுப்பு மட்டும் தண்ணி. பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க பையத் தலையில வச்சுக்கிட்டு எறங்கித்தான் போவணும். போன ஐப்பசியில இருசம்மா அக்கா வழுக்கி வுழுந்து இடுப்பு போச்சு, இன்னும் படுத்த படுக்கையாக் கெடக்கு. எங்களுக்கு ஒரு பாலம் வேணும்னு ஒவ்வொரு கிராமசபையிலயும் கேட்டோம். வந்துச்சு. அரசாங்கத்துப் பணத்துல நல்லா கெட்டியாத்தான் கட்டுனாங்க. ஆனா எங்களுக்கு இல்லைங்க்கா. தெக்கால அய்யம்பெருமாளுன்னு ஒருத்தரு மனை போட்டிருக்காரு, அந்த எடத்துக்கு.

எங்க குடியிருக்காங்க? ஒத்த வூடு கெடையாது. நெல்லு வெளஞ்ச வயல்ல மண்ணடிச்சு மஞ்சக் கல்லு நட்டு வச்சிருக்காரு, அவ்வளவுதான். பாலத்துல பொதுமக்கள் பயன்பாட்டுக்குன்னு கல்வெட்டு வேற. ஆடுங்க படுத்துக் கெடக்கு. எங்க காலனியிலேருந்து அதுக்குப் போவ வழியும் கெடையாது.

நீங்க சொல்றதத்தான் அவரும் சொன்னாரு. மனை வித்தா ஊரு வளரும், கட வரும், எல்லாருக்கும் வேல கெடைக்கும்னு. நான் இல்லேங்கலையே. எங்க வூட்டுக்காரரே அங்கதான் சுத்துச் சொவரு எழுப்புறாரு, கொத்தனாரு. எங்க அடுப்பு எரியிறதே அந்தக் கூலியிலதான். ஆனா அவரு மனைக்குப் பாலம் வேணும்னா அவருல்ல கட்டணும்? சோப்பு வாங்குனா சோப்புக்கு வரி, பிஸ்கோத்து வாங்குனா பிஸ்கோத்துக்கு வரி. இருசம்மா அக்கா குடுத்த காசும் அதுல இருக்குல்ல? அத எடுத்து ஒருத்தரு நெலத்துக்கு வெல ஏத்தி வுடுறதுன்னா, அப்பறம் எங்ககிட்ட எதுக்கு ஓட்டு கேக்க வந்தாங்க? இதத்தான் கலெக்டருக்கு மனுவுலயும் எழுதிக் குடுத்தேன், கிராமசபையிலயும் எந்திரிச்சுக் கேட்டேன்.

மறுநா ஒருத்தரு வூட்டுக்கு வந்தாரு. யாருன்னு தெரியல. வெள்ளச் சட்ட. ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. சொம்பத் திருப்பிக் குடுக்குறப்ப, ஒங்க பொண்ணு சிந்து பச்ச வேன்லதானம்மா போவுது, பாத்து அனுப்புங்க, ரோடு சரியில்லன்னாரு. போயிட்டாரு.

திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன்க்கா. வாயி எனக்கும் இருக்கு. இதுக்கு என்னத்தச் சொல்றது?

அன்னையிலேருந்து பைக் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பாக்குறேன். பாப்பாவ ஆண்டிமடத்துல தங்கச்சி வூட்ல வுட்டுட்டேன். எப்பம்மா கூட்டிட்டுப் போவேன்னு போன்ல அழுவுது. காலனியில எல்லாரும் விசாரணைக்கு வரேன்னாங்க. காலையில பாத்தா அம்பிகாவுக்குக் காய்ச்சலாம், பூமாலை அண்ணனுக்கு நாத்து பறிக்கிற வேலையாம். குத்தம் சொல்ல முடியாது. அவங்கவங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குல்ல.

போவாம இருந்துடலாம்தான். நேத்தெல்லாம் அதான்க்கா நெனப்பு. ஆனா நான் போவலன்னா, மெம்பரு வரல, புகார்ல உண்மையில்லன்னு எழுதி முடிச்சுடுவாங்க. அடுத்த மழைக்கு அதே வாய்க்காலுலதான எல்லாப் புள்ளையும் எறங்கணும்? எம்புள்ளையும் சேத்துத்தான்.

கைகாட்டி ஸ்டாப்பு தாண்டிருச்சா? அப்பன்னா இன்னும் கொஞ்ச தூரந்தான்.

இல்லல்ல, தனியாக் கெளம்பல. எங்க வூட்டுக்காரரும் கூடத்தான் வந்தாரு. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இந்த சீட்டுலதான். ஜெயங்கொண்டத்துல பஸ்ஸு நின்னப்ப, ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்னு எறங்குனாரு. வண்டி எடுக்குறப்ப சன்னல் வழியா பாத்தேன். டீக்கட வாசல்லயேதான் நின்னாரு. கையில டீ ஒண்ணும் இல்ல. என்னையப் பாத்துட்டுத் தலயக் குனிஞ்சுக்கிட்டாரு. கண்டக்டரு ஆளு வரணுமாம்மான்னு கேட்டாரு. வர மாட்டாங்க, நீங்க எடுங்கன்னு நாந்தான் சொன்னேன்.

நீங்க அந்தப் பக்கமாத்தான் போறீங்களாக்கா? ஆபீஸு கேட்டு வரைக்கும் கூட நடந்து வரீங்களா? பேசக்கூட வேணாம். உள்ள நான் போயிக்கிறேன்.