கையில் வைத்த சீனி

மஸ்கெலியாவில் கோயில் தேர் சேற்றில் புதைந்து, இழுக்க ஆள் தேடினார்களே, அதற்கு மறுவாரம். ஹட்டன் பஸ்ஸில் அன்றைக்கு எனக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிது. முன் சீட்டில் ஒரு இளம்பெண்ணும் அவளுடைய அத்தையும்.

"கோட்டு போட்ட தொரமாரெல்லாம் உள்ளங்கையில சீனிய வச்சு நக்குறாங்க, அத்த."

"எங்கடி?"

"நான் சமைக்கிற கொழும்பு பார்லதான். பாலில்லாத பிளேன்டீயில சாராயத்தக் கலந்து, நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல நக்கிக்கிட்டே குடிக்கிற மாதிரி சீனியக் கையில குடுக்கச் சொன்னேன். மொதலாளி என்னயப் பெரிய குக்காக்கிட்டாரு."

"நக்கக் கத்துக்குடுத்ததுக்கா?"

இருவரும் சிரித்தார்கள்.

"எங்கண்ணன், அதான் ஒங்கப்பா, இன்னமும் அதச் சாராயக்கடைங்குறாரு."

"ஒரு தடவ வந்து நான் சுடுற ரொட்டியச் சாப்பிட்டுட்டுத் திட்டட்டும். நான் பேசுனா போன வச்சிருறாரு. நீங்க சொல்லுங்க, அத்த."