ஸ்டிக்கர் பொட்டின் பசை

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தகப்பனார் வரவில்லை, பருத்திக்கு மருந்தடிக்கப் போயிருந்தாராம். மகள் சென்னையில் ஆராய்ச்சி படிக்கிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அந்தப் பொட்டை எடும்மா. அரிக்கும்னு கம்ப்யூட்டரே சொல்லிட்டுல்லா.”

“அதுக்கு ஏதுட்டி நெத்தி?”

“பசையில என்ன கெமிக்கல் இருக்குன்னு குடுத்தா, தோலுக்கு ஒத்துக்கிடுமான்னு கணக்குப் போட்டுச் சொல்லும். எலி மேல தடவிப் பாக்க வேண்டாம்.”

“நான் மூணு மாசமா சொறிஞ்சிக்கிட்டுத் திரியுதேன். என்கிட்ட கேட்டிருந்தா கரண்டாவது மிச்சம்.”

மகள் சிரிக்கவில்லை. பொட்டை மெல்ல உரித்தாள். அடியில் தோல் வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது.

“பெறவு ஏம்மா வைக்கே?”

“உங்கய்யா சந்தைக்குப் போறப்ப, தீந்திருந்தா ஒரு அட்டை பொட்டு வாங்கிட்டு வாராவ. கலியாணமாகி இத்தனை வருசத்துல, கேக்காம வாங்கித் தந்தது இது ஒண்ணுதான். அரிக்குன்னு சொன்னா நிறுத்திருவாவ.”

“மஞ்சள்ல செஞ்ச குங்குமம் வாங்கித் தாரேன். அட்டையை என்ன செய்வே?”

“தினம் ஒண்ணா கண்ணாடியில ஒட்டிருதேன். அட்டை காலியானாத்தான அடுத்தது வாங்குவாவ? கண்ணாடிக்கு அரிக்காதுல்லா?”

“அரிக்காதும்மா.”

கோவில்பட்டியில் இறங்கியதும் எதிர்க் கடையில் குங்குமம் வாங்கினார்கள். மூன்று ரூபாய்.