கப்பலுக்குச் சைகை காட்டிய வெளிச்சம்

...பாத்தா பாத்ததோட போக வேண்டியதுதானே தம்பி? கடல்ல ஆயிரம் தெரியும். மீனு துள்ளும், நெலா வெளிச்சம் ஆடும், பேயி கூடத் தெரியும்பாங்க. பாத்தமா, சாமியக் கும்பிட்டமா, போத்திக்கிட்டுப் படுத்தமான்னு இல்லாம, ஊரக் கூட்டி, பேப்பர்ல போட்டு... அந்தப் பய வாயால இன்னைக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கல.

இருங்க, இந்தப் பைய அந்தப் பக்கம் வச்சுக்கறேன். பூவு இருக்கு, நசுங்கிரும். நீங்க ஒக்காருங்க, எந்திரிக்க வேணாம். அட்டன் டவுனு ஆசாரிகிட்ட தாலி வாங்கிட்டு வர்றேன். எம் மக பூரணிக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். மாப்புள பூண்டுலோயாப் பக்கம், செல்லசாமின்னு பேரு, தங்கமான பையன். அவங்க ஆத்தாதான்... அத விடுங்க, அப்பறம் வர்றேன் அவகிட்ட. நீங்க கொழும்புலேருந்தா? கோட்டு, மப்ளரு, தொப்பி எல்லாம் பாத்தா நானுஓயா ஸ்டேசன்ல எறங்கி நுவரெலியா போறவரு மாதிரி இருக்கு. அதானே? ஆஸ்பத்திரியில மருந்து கலக்குறவரா? மொகத்துலயே எழுதியிருக்கு தம்பி. நான் ஆளப் பாத்தே சொல்லிருவேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ஆங், அந்தப் பய. நீங்களும் பேப்பர்ல பாத்திருப்பீங்க. மன்னார்ப் பக்கம் கள்ளத்தோணி புடிக்கப் போன நேவிக் கப்பலு. கடலுக்கு மேல தகதகன்னு ஒரு வட்டம் நின்னுச்சாம். ஏறுச்சாம், எறங்குச்சாம். இவங்க கப்பல்லேருந்து பெரிய வெளக்க அடிச்சாங்களாம், அது திருப்பி இவங்க மேலயே வெளக்க அடிச்சு சைகை காட்டுச்சாம். அப்பறம் விசுக்குன்னு தண்ணிக்குள்ள பாஞ்சு மறைஞ்சிருச்சாம். துப்பாக்கி வச்சிருக்கவங்க அத்தன பேரும் கப்பலத் திருப்பிக்கிட்டு ஓடியாந்துட்டாங்க. ஓடியாந்தவங்க சும்மா இருந்தாங்களா? பறக்கும் தட்டு, வேற கெரகத்து ஆளுங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க.

அந்தக் கப்பல்ல ஒருத்தன் எங்க தலவாக்கலைப் பய. கடத்தெருவுல புடவைக்கட வச்சிருக்க மீராசாஹிப் மொதலாளி மகன், பக்கீரு. சின்னதுல கடையில மூக்கு ஒழுக ஒக்காந்திருக்கும், அப்பப் பாத்தது. மொதலாளி அந்தப் பேப்பர வெட்டிக் கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டிட்டாரு. ஒரு ரவிக்கத்துணி வாங்கப் போனாலும் அந்தக் கதையக் கேட்டுட்டுத்தான் வரணும். மொதல்ல வண்டிச் சக்கரம் அளவுன்னாரு. அடுத்த வாரம் தேயிலை அரைக்கிற ஸ்டோரு அளவாயிருச்சு. இப்ப போனா, உள்ளுக்கு ஆளுங்க நடமாடுனத எம் மகன் பாத்தான்ங்கிறாரு. துணிய அளக்கும்போது மட்டும் அவரு கை இப்பிடி நீள மாட்டேங்குது.

ஏன் தம்பி இருமுறீங்க? பனிக்காத்து ஒத்துக்கலயா? இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க. கல்யாணத்துக்கு வாங்குனதுதான், பரவால்ல.

எங்க தேயிலைத் தோட்டத்துல கேக்கணுமே கூத்த. பூசாரி, அது காளியாத்தான்னுட்டாரு. வருசா வருசம் கெடா வெட்டுறத நிறுத்துனதுக்குக் கடல்ல வந்து கோவத்தக் காட்டுறாளாம். ஆத்தா கோவப்பட்டா தோட்டத்துக்கு வர மாட்டாளா, மன்னார்க் கடலுக்கு ஏன் போறா? கங்காணி, ரஷ்யாக்காரன் வேலைங்கிறாரு. அவன்தான் ஒரு நாயவே வானத்துக்கு அனுப்புனவனாச்சே. நான் கேட்டேன், அந்த நாய்க்கு விசா இருந்துச்சாய்யான்னு. வேலைக்கு ஆளெண்ணுற பெரட்டுக்களமே சிரிச்சிருச்சு, மேல்பாக்குற கண்டாக்கையா மட்டும் மொறச்சாரு.

கேக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? நான் பொறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல. கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெரலு கறுத்துப் போச்சு. எங்ககிட்ட அப்பன் எங்க பொறந்தான், பாட்டன் எங்க பொறந்தான், அத்தாட்சி கொண்டாங்கிறான். எங்க பாட்டன் பொறந்தப்ப எந்தத் தொரை வந்து எழுதுனான்? பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம், தள்ளிட்டாங்க. வானத்துலேருந்து வந்து எறங்குனவன ஒரு பய கேக்கல தம்பி, உங்க பாட்டன் எங்கடா பொறந்தான்னு. கப்பலத் திருப்பிக்கிட்டு ஓடிட்டாங்க. மருவாதி அவனுக்குத்தான்.

...வந்திருச்சு சிங்கமலைச் சுரங்கம். சன்னலச் சாத்துங்க, பொகை உள்ள வரும். இருட்டா இருந்தாலும் பேசலாம், காது கேக்குமில்ல.

இருட்டோட இருட்டா சொல்றேன். நீங்க நானுஓயா போறவரு, எங்க பக்கத்து ஆளத் தெரியாது. உங்ககிட்ட சொல்றது கெணத்துல போட்ட கல்லு மாதிரி. வெளிய விடக்கூடாது, என்ன?

அது தட்டும் இல்ல, காளியாத்தாளும் இல்ல. எந்தம்பி சின்னராசா.

இந்தா, சுரங்கம் முடிஞ்சிருச்சு. ஏன் தம்பி மொகம் இப்பிடி வெளுத்துப் போச்சு? பொகைதான். தண்ணி இருந்தாக் குடிங்க.

மொதல்லேருந்து சொல்றேன். எங்களுக்குப் பொண்ணு மணவறையில ஒக்காரணும்னா தாய்மாமன் வந்து சீரு வைக்கணும். மாமன் இல்லாட்டி அது கல்யாணமே இல்ல, சும்மா கூடிச் சோறு தின்னுட்டுப் போறதுதான். எனக்கு இருக்குறது ஒரே தம்பி. அவனும் இதே லயத்துல பொறந்தவன்தான். இந்தியாவுல முசிறிப் பக்கம் எங்கப்பனுக்கு ஒரு துண்டுக் காடு இருந்துச்சு. அப்பன் செத்தப்ப அதப் பாத்துட்டு வர்றேன்னு போனான். போன எடத்துல காய்ச்சல்ல படுத்தான், காட்டுமேல வழக்கு வந்துச்சு, எந்திரிச்சு வரலாம்னு பாத்தா இங்க சட்டத்தப் போட்டுக் கதவச் சாத்திட்டாங்க. விசாவுக்கு அவனும் நடையா நடந்தான், நடக்கல. பூரணிய இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன் தம்பி அவன். அது கல்யாணத்துக்கு வரக்கூடாதுன்னா எந்தச் சட்டத்துல நியாயம்?

சரி, ஆண்டவன் விட்ட வழின்னுதான் இருந்தேன். சம்பந்தியம்மா அழகம்மா விட்டாளா? நிச்சயத்தன்னைக்கு நாலு பேரு முன்னால கேக்குறா, “சீருத் தட்ட யாரு தூக்குவா, கங்காணியத் தூக்கச் சொல்லலாமா”ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்குறா. எங்க வீட்டுக்காரரு கையப் புடிச்சு அமுக்குறாரு, பேசாதடின்னு. பேசாம இருக்க முடியுமா? சொல்லிட்டேன். எந்தம்பி வருவான், நீ உன் ஆயுசுல பாக்காத தாம்பாளத்துல சீரு கொண்டாந்து எறக்குவான், அது பளபளப்புல உன் மொகம் உனக்கே தெரியும்னு. வாய் விட்டுட்டேன். விட்டா அப்பறம் நடத்திக் காட்டணுமில்ல?

ஊருக்குப் போற ஒருத்தர்கிட்ட சொல்லி அனுப்புனேன். எப்பிடியாவது வந்து சேரு, இருக்குறதுலயே பெரிய பித்தளைத் தாம்பாளமாப் பாத்து வாங்கிக்க, புளி போட்டுத் தேச்சுக் கொண்டா, களிம்பு ஏறுன தாம்பாளத்தோட வந்தா என் மூஞ்சியில முழிக்காதேன்னு. எந்தம்பிக்கு அக்கா சொன்னா சொன்னதுதான். கிறுக்குப் பய. தோணியில ஏறுன நேரத்துலேருந்து மடியில வச்சுக்கிட்டுத் தேச்சிருக்கான். எல்லாரும் வாந்தி எடுக்குறாங்க, உயிரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்காங்க, இவன் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சுக்கிட்டு இருக்கான்.

அந்நேரம் பாத்துக் கப்பலு வந்திருக்கு. தோணிக்காரரு எல்லாரையும் படுங்கடான்னு சொல்லிக் கறுப்புத் தாருப்பாயப் போட்டு மூடிட்டாரு. எல்லாரும் படுத்துட்டாங்க. இவன் படுக்கல. ஏன்? தோணிக்குள்ள உப்புத்தண்ணி கெடக்கு, கீழ வச்சா களிம்பு ஏறிரும், அக்கா வைவா. தாம்பாளத்த ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னுருக்கான், நெலா வெளிச்சத்துல அது தகதகங்குது. கப்பல்காரன் வெளக்க அடிச்சதும் வெளிச்சம் நேரா தாம்பாளத்துல பட்டுத் திரும்பி அவன் கண்ணுலயே குத்தியிருக்கு. விடிகாலைப் பெரட்டுல கங்காணி மூஞ்சிக்கு நேரா டார்ச்சு அடிச்சா எதுத்தாப்புல நிக்கிறது ஆளா மாடான்னு தெரியுமா? அலை தூக்குறப்ப இவன் ஏறியிருக்கான், அலை எறங்குறப்ப இவன் எறங்கியிருக்கான். இவன் கைநடுக்கத்துல தாம்பாளம் ஆடுனதத்தான் அவங்க சைகைன்னு கண்டிருக்காங்க. கடைசியில கால் வழுக்கித் தோணிக்காரரு வயித்து மேலயே விழுந்திருக்கான், தாம்பாளத்தோட. அதுதான் தண்ணிக்குள்ள பாஞ்சது. தோணிக்காரருக்கு இன்னமும் மூச்சு விட்டா வலிக்குதாம்.

சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா தம்பி, மப்ளர வாயில வச்சுக்கிட்டு? அந்தப் பக்கம் அருவி தெரியும், பாருங்க... இல்ல, பாக்காதீங்க, இதக் கேளுங்க.

எப்பிடியோ கரையேறி, காட்டுல நடந்து, மரம் ஏத்துன லாரியில வந்து சேந்துட்டான். இப்ப எங்க லயத்துக் காம்பராவுல கூரைக்குக் கீழ பலகை மேல படுத்திருக்கான். தாம்பாளம் அரிசி மூட்டைக்குப் பின்னால இருக்கு. கல்யாணத்தன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா எறங்கி, சீர வச்சு, பொண்ண ஆசீர்வாதம் பண்ணிட்டு, வந்த வழியே போயிருவான். அவ்வளவுதான் ஆச. அதுக்குள்ள இந்தப் பக்கீருப் பய ஒலகத்தக் கூட்டிட்டானே. அந்தத் தட்டு எங்க எறங்குச்சுன்னு தேடிக் கடல் முழுக்கக் கப்பலாம். பொலிசு தோட்டம் தோட்டமா வந்து புது ஆள் வந்திருக்கான்னு கேக்குது. எங்க வீட்டுக்காரரு தூங்குறதே இல்ல. பூரணி, மாமன இப்பவே அனுப்பிருங்கம்மா, எனக்குச் சீரு வேணாம்னு அழுவுது. இன்னைக்கு நான் கெளம்புறப்ப அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு தம்பி. நீ வாயத் தொறந்தா உன் தம்பி செயிலுக்குப் போவான், புதன்கிழம வரைக்கும் நாக்க மடிச்சு வச்சுக்கன்னு. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? நான் என்ன அந்தப் பக்கீரா, கண்டதையெல்லாம் ஊருக்குச் சொல்ல?

வந்திருச்சு தலவாக்கலை. அடுத்தது வட்டகொடை, நான் எறங்கிருவேன். நீங்க காலை நீட்டிக்கிட்டு வசதியா... எங்க எந்திரிக்கிறீங்க? இது தலவாக்கலை தம்பி, நானுஓயா இன்னும்... என்ன பொட்டி அது மேல, வெள்ளையில என்னமோ எழுதி... கோட்டுக்குள்ள என்ன சட்டை அது...

இல்ல, நீங்க நானுஓயான்னு சொல்லல. நாந்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியும் நாந்தான் சொன்னேன்.

அந்தா நிக்கிறாரே மீராசாஹிப் மொதலாளி. கடத்தெருவே வந்திருக்கு அவரு பின்னால. அய்யோ ஆத்தா. மூக்கு... அந்த மூக்குதானா இது? தம்பி, பக்கீரு, இருப்பா, நில்லுப்பா. நான் பொய் சொன்னேன். கிறுக்கச்சி ஒளறுனேன். தம்பியும் இல்ல, தாம்பாளமும் இல்ல. உங்களப் பேசுனதுக்கு என்னய வேணும்னா பொலிசுல சொல்லுங்க, அவன விட்டுருங்க. புதன்கிழம வரைக்கும், தம்பி. எம் மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும்...

எறங்கிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. நான் எந்த மொகத்தோட வீட்டுக்குப் போவேன்? பாழாப்போன வாயி. இத அடுப்புல வைக்க.

மொதலாளி கட்டிப் புடிச்சு அழுவுறாரு... எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. என்னமோ கேக்குறாரு... “எவ்வளவு பெருசு மகன், இவங்ககிட்ட உன் வாயால சொல்லு”ங்கிறாரு. போச்சு. எல்லாம் போச்சு. ஒரு வார்த்தை போதும். தாம்பாளம்னு ஒரு வார்த்தை.

இந்தப் பக்கம் பாக்குது. என்னயத்தான் பாக்குது...

கைய விரிக்குது. ரெண்டு கையையும். இன்னும் விரிக்குது, பத்தலயாம், அந்த ஸ்டேசன் சாமான் கொட்டகையக் காட்டுது. அதவிடப் பெருசுங்குது. மொதலாளி சிரிக்கிறாரு. நீ நல்லா இரு சாமி. உன் ஒடம்பொறப்பெல்லாம் நல்லா இருக்கட்டும். அதுவும் என்ன பண்ணும், பித்தளைக்குப் பயந்து கப்பலத் திருப்புனோம்னு கடத்தெருவுல சொல்ல முடியுமா? தம்பி! புதன்கிழம கட்டாயம் வந்துருங்க, வட்டகொடையில எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க! அதக் கிட்டக்க வச்சே காட்டுறேன்!

கேட்டிருச்சு. தலைய ஆட்டுது. மப்ளர இழுத்துக் காத மூடிக்குது.

இந்தா, ரயிலும் கெளம்பிருச்சு. இனிமே புதன்கிழம வரைக்கும் நான் ஊமை. சத்தியம். தாலி மேல சத்தியம்.

...

அது யாரு அந்த ஓரத்துல, கூடையோட? நீங்க எங்கம்மா போறீங்க? நானுஓயாவா? நெசமாவே நானுஓயாதானே? உங்க வீட்டுல யாரும் நேவியில இல்லயே? அப்பன்னா சரி. கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. இப்ப எறங்கிப் போச்சே ஒரு தம்பி, பாத்தீங்களா...