கடைசி அறுபது பக்கம்

எனக்கு வாசிக்கும் வேகம் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், நேரக் கணக்கு இடிக்கிறதே என்று பிறகு நீங்கள் கேட்கக் கூடாது.

நானும் மச்சானும் ஒரே குளிர் கிடங்கில் வேலை. மச்சான் என்றால் அக்காவின் கணவர். உள்ளே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. மீனும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். இரண்டாம் எண் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. உள்ளே இருக்கும் அபாய மணியும் அடிக்காது. மூன்று முறை நானே எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தைப் பார்த்தால் தெரியும். எவனும் வரவில்லை. அதனால் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே ஸ்டூலில் உட்கார வேண்டும். உள்ளிருந்து மூன்று தட்டு தட்டினால் திறக்க வேண்டும். கதவு அவ்வளவு தடிமன், கத்தினாலும் கேட்காது. போனுக்கும் உள்ளே சிக்னல் கிடையாது. தட்டுவது மட்டும் கேட்கும்.

ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? நான் துப்பறியும் நாவல் படிப்பேன். மச்சான் படிக்கமாட்டார். என் புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டுவார்.

"டாக்டர்தான்டா மாப்ள. வீணா கண்ணக் கெடுத்துக்காத."

அதில் அவருக்கு ஒரு சுகம். இப்படிப் பதினொரு நாவல். ஒன்றில் முதல் பக்கத்திலேயே, 'சமையல்காரனை நம்பாதே' என்று பேனாவால் எழுதிவைத்தார். அக்காவிடம் முறையிட்டேன்.

"சின்னப் பிள்ளையாடா நீ? அவர் விளையாடறார்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பன்னிரண்டாவதாகத்தான் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. அதில் கதை பின்னாலிருந்து முன்னால் போகிறது. முதல் அத்தியாயத்திலேயே தையற்காரர் கைதாகிறார். கூட்டாளியைக் கொன்றது அவர்தான், ஒளிவுமறைவே இல்லை. அடுத்த அத்தியாயம் அதற்கு முந்தைய நாள். அதற்கடுத்தது அதற்கும் முந்தைய வாரம். யார் என்று தெரியும், எப்படி என்று தெரியும். ஏன் என்பதற்கு மட்டும் கடைசிவரை போக வேண்டும்.

மச்சான் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"என்ன மாப்ள இது, ரெண்டு பேர் கடைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டுச் சிரிச்சிட்டிருக்காங்க. செத்தவன் எங்கடா?"

அவர் முகம் தொங்கியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்றைக்குக் குடித்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அவரால் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாவலை முழுதாகப் படித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை சிவந்த கண்ணோடு வந்து அதை என் மடியில் போட்டார். எனக்கு இன்னும் அறுபது பக்கம் பாக்கி.

"அவன் ஏன் கொன்னான்னு சொல்லட்டுமா மாப்ள?"

"வேணாம் மச்சான். இந்த ஒண்ணையாவது விடுங்க."

"ரெண்டு பெட்டி எடுத்துட்டு வந்து சொல்றேன், இரு. கோட்டெல்லாம் வேணாம், ரெண்டே நிமிஷம்."

கோட்டை ஸ்டூலில் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் அதன்மேல் உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது.

மூன்று தட்டு கேட்டது. நீங்களே யோசித்துப் பாருங்கள் சார், திறந்தால் சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத் திறக்கலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பக்கமோ பாதி வாக்கியத்தில் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. தட்டுவது கொஞ்ச நேரம் வேகமாக இருந்தது, படிக்க இடைஞ்சலாக. பிறகு விட்டு விட்டு வந்தது. இருபது பக்கம் மிச்சமிருக்கும்போது அவராகவே புரிந்துகொண்டு நிறுத்திவிட்டார். கிடங்கில் அந்தப் பகுதியில் எங்கள் இருவரைத் தவிர ஆள் கிடையாது, வண்டியும் மாலையில்தான் வரும். நிம்மதியாகப் படித்தேன்.

நாவலில் என்ன காரணம் என்று கேட்கிறீர்களா? கூட்டாளி ஒரு சின்னக் கேலி செய்கிறான். தையற்காரர் சிரிக்கிறார். அவ்வளவுதான். இதற்கெல்லாமா ஒரு மனுஷன் கொலை செய்வான்? நம்பும்படியாகவே இல்லை. எதையாவது தவறவிட்டேனோ என்று அறுபது பக்கத்தையும் இன்னொரு தடவை படித்தேன். அதில்தான் மதியம் தாண்டிவிட்டது.

பிறகு திறந்தேன். கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்.

நீங்களும் அந்த நாவல் மாதிரிதான் சார், பிணத்தில் ஆரம்பித்து ஏன் ஏன் என்று பின்னால் போகிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. தட்டியது கேட்டது. எல்லாத் தட்டும் கேட்டது. நான் திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. கதவின் உள்பக்கம் படிந்திருந்த உறைபனியில் விரலால் எழுதிவைத்திருந்தார்: 'சொல்ல மாட்டேன் மாப்ள.'

அதை உள்ளே போவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.